முன் சக்கரத்தில் ஒட்டிய இலை

2011 ஐப்பசி. இரண்டு நாள் அடைமழை பெய்து, மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்திருந்தது. நடவுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்று நூற்றெண்பது மரக்கன்றுகளை ஜிப்சியின் பின்னால் அடுக்கிக்கொண்டு கிளம்பினோம். புங்கன், நாவல், இலுப்பை, வேம்பு. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் செங்கம் ரோட்டை விட்டுப் பெரும்பாக்கம் சாலையில் திரும்பி, சமுத்திரம் ஏரிப் பக்கமாக ஒரு மண்பாதையில் இறங்கினால் நண்பர் ஒருவரின் நிலம். அங்கே குழிகள் எடுத்து வைத்திருந்தோம். குழியெல்லாம் தண்ணீர் நிற்கும், கன்றை இறக்கி மண்ணைத் தள்ளினால் போதும் என்ற நினைப்பில் நடவுக்கு வந்த பெண்கள் நான்கு பேரும் உற்சாகமாக இருந்தார்கள்.

பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி இறங்கினேன். முன் சக்கரங்களின் நடுவில், ஹப்பின் மேல் இருக்கும் குமிழ்கள் இரண்டையும் ‘ஃப்ரீ’யிலிருந்து ‘லாக்’குக்குத் திருப்பினேன். உள்ளே வந்து சின்ன லீவரை இழுத்து ஃபோர் வீலில் போட்டேன். மீட்டருக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தது. அந்த விளக்கைப் பார்த்ததும் வந்த தைரியத்தில்தான் களிமண்ணில் இறங்கினேன்.

இருபது அடி போயிருப்போம். பின்பக்கம் ஒரு பக்கமாக வழுக்கிச் சரிந்தது. மிதிக்க மிதிக்கப் பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு உள்ளே இறங்கின. பின்னால் இருந்து இறங்கி நின்ற ஓர் அம்மா, நடவுக் கூட்டத்தில் மூத்தவர், சேற்றில் நடந்து முன்னால் வந்து குனிந்து பார்த்தார்.

“சாமி, கொஞ்சம் நிறுத்து. முன்சக்கரம் சுத்தவே இல்ல. எல ஒண்ணு ஒட்டினுக்கீது பாரு, அது நவுரவே இல்ல.”

திருவண்ணாமலையில் நாங்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சாமிதான். இறங்கிப் பார்த்தேன். வலப்பக்க முன் டயரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஈரமான ஒரு புங்க இலை அப்பியிருந்தது. அந்த அம்மா சொன்னதைச் சரிபார்க்க, கூட வந்த ஒரு பையனை உள்ளே உட்கார வைத்து மெதுவாக மிதிக்கச் சொன்னேன். பின்னால் சேறு பறந்தது. இலை இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கன்றுகளைத் தலையில் சுமந்து போய் நட்டோம். மாலையில் பக்கத்து நிலத்து டிராக்டர் வந்து வண்டியை இழுத்து வெளியே விட்டது.

அந்த ஜிப்சியை நான் வாங்கியது இந்த வேலைக்காகவே. 2008-ல் சென்னை வேலையை விட்டுவிட்டு ரமண நகரில் வாடகைக்கு வீடு எடுத்தேன். அண்ணாமலையைப் பழைய புகைப்படங்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரமணர் காலத்துப் படங்களிலேயே அது வெறும் பாறையும் புல்லுமாகத்தான் இருக்கும். பிறகு வந்தவர்கள் பல வருடங்களாக நட்டு, தண்ணீர் சுமந்து, கோடையில் தீ பிடிக்காமல் காவல் காத்துத்தான் இன்றைக்குத் தெற்குச் சரிவில் கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதை நிழலாக இருக்கிறது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து காயும் புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும், ஒரு ராத்திரியில் பத்து வருட உழைப்பு போய்விடும். அந்த வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் கேனும் கருவிகளும் கொண்டுபோய்க் கொடுக்க, கன்று ஏற்ற, ஒரு வண்டி வேண்டியிருந்தது. ராணுவத்தில் ஓடி ஏலத்துக்கு வந்த ஜிப்சி ஒன்று இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. வெள்ளை அடித்திருந்தார்கள். ராணுவத்தின் ஆலிவ் பச்சையில் தனியார் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்காது. ஆனால் கதவைத் திறந்தால் கீல் ஓரத்தில் பழைய பச்சை இன்னும் தெரிந்தது. 1,298 சிசி பெட்ரோல் என்ஜின், நான்கு பக்கமும் பட்டை. அதன் மேல் எனக்கு இருந்த பிரியத்தை மறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

சேற்றில் நின்ற மறுநாள் ஒரு பெரிய பட்டறைக்கு ஓட்டிப்போனேன். எந்த ஊர், யாருடையது என்பது இங்கே வேண்டாம். லீவரைப் போட்டால் விளக்கு எரிகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றதும், “டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிருக்கும் சார், இறக்கித்தான் பார்க்கணும்” என்றார்கள். கியர் பாக்ஸிலிருந்து வரும் சுற்றலை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. ஜிப்சியில் அது கியர் பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு இருக்காது. தனிப் பெட்டியாகப் பின்னால் தொங்கும், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். இறக்கினார்கள், திறந்தார்கள், ஆயில் சீல் மாற்றி மூடினார்கள். ஐந்து நாள், பதினோராயிரம் ரூபாய். வெளியே வந்ததும் ஒரு மணல் மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. பின் சக்கரம் மட்டும் பறித்தது.

அப்போதுதான் செங்கம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் பட்டறை வைத்திருந்த ஹவில்தாரிடம் போகச் சொன்னார்கள். எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போயிருக்கும் ஊர்கள் உண்டு அல்லவா, அப்படி ஓர் ஊர்க்காரர். மஹிந்திரா ஜீப், ஜபல்பூரில் செய்த ஜோங்கா, பிறகு ஜிப்சி என்று மூன்று தலைமுறை வண்டிகளைப் பார்த்தவர். பட்டறை என்றால் ஒரு கூரை, ஒரு பலகை, இரண்டு ஜாக்கி, மண்ணெண்ணெய் டப்பா. அவ்வளவுதான்.

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். இலை விஷயத்தைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தம்மா சொன்னதுதான் சார் ரிப்போர்ட்டு. லைட்டு சொல்றது இல்ல. லைட்டுக்குச் சுவிட்ச் எங்க இருக்கு? டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல. நீங்க லீவரத் தள்ளுனா உள்ள ஃபோர்க்கு நவுருது, நவுந்தா சுவிட்ச் அமுங்குது. அதுக்கு அந்தாண்ட ஷாஃப்ட்டு இருக்கு, கிரவுன் இருக்கு, ஆக்ஸில் இருக்கு, ஹப்பு இருக்கு. அங்க என்ன நடக்குதுன்னு லைட்டுக்கு எப்படிச் சார் தெரியும்?”

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நான்கு கல் கொடுத்தார். கை பிரேக் போட்டார். கியர் நியூட்ரலில். இரண்டு ஜாக்கியால் முன் அச்சின் இரு பக்கத்தையும் தூக்கி, கீழே கட்டை முட்டுக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பையன் ஒருவன், ஸ்டார்ட் பண்ணி ஃபோர் வீலில் போட்டுப் பார்க்கலாமே என்றான். ஹவில்தாருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். முன் சக்கரம் மட்டும் மேலே இருக்கும்போது கியரைப் போட்டால் தரையில் இருக்கும் பின் சக்கரம் வண்டியைத் தள்ளும். ஜாக்கி சரிந்து கீழே இருப்பவன் மேல் விழும். “என்ஜினே வேணாம். கை போதும்” என்றார்.

முதலில் குமிழ்கள் இரண்டையும் ‘லாக்’கில் வைத்தார். சின்ன லீவர் டூ வீலில். வண்டிக்கு அடியில் படுத்து முன் ஷாஃப்டைக் கையால் சுற்றினார். லேசாகச் சுற்றியது. பிறகு என்னை லீவரை ஃபோர் வீலுக்கு மாற்றச் சொல்லிவிட்டு மறுபடி சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. பின் ஷாஃப்டோடு பூட்டிக்கொண்டுவிட்டது.

“டூவில சுத்துது, ஃபோர்ல சுத்தல. அப்ப பொட்டி நல்லாருக்கு சார். அத எறக்கியிருக்கவே வேணாம்.”

பதினோராயிரம் ரூபாய்க்கும் ஐந்து நாளுக்கும் கிடைக்காத பதில், அரை நிமிஷத்தில் கிடைத்தது. அப்போது எனக்கு வந்த வருத்தம் பணத்தைப் பற்றியது இல்லை. ஒரு நல்ல பெட்டியைக் காரணமில்லாமல் திறந்துவிட்டோமே என்பதுதான்.

லீவரைத் திரும்ப டூ வீலுக்குக் கொண்டுவந்து என்னை அடியில் படுக்கச் சொன்னார். இப்போது ஷாஃப்டை நான் சுற்ற வேண்டும், அவர் வெளியே நின்று சக்கரத்தைப் பார்ப்பார். சுற்றினேன். ஷாஃப்ட் என் கையில் சுலபமாகச் சுற்றியது, உள்ளே பல் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஆனால் இடப்பக்கச் சக்கரமும் அசையவில்லை, வலப்பக்கச் சக்கரமும் அசையவில்லை.

“ரெண்டு ஹப்புமே போச்சா?” என்றேன்.

“இருங்க” என்று வலச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். கனமாகத் திரும்பியது, கூடவே உள்ளே ஏதோ உருண்டது. இடச் சக்கரத்துக்குப் போய் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சைக்கிள் சக்கரம் மாதிரி அது பாட்டுக்குச் சுற்றியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

“வலது நல்லாருக்கு. எடது மட்டுந்தான் பூட்டல. ஆனா ஒண்ணு போனா ரெண்டும் போச்சு சார்.”

அது எனக்கு விளங்க நேரம் பிடித்தது. முன் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்சியல், எந்தப் பக்கம் சுலபமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் சுற்றலை விட்டுவிடும். இடப்பக்கக் குமிழ் ‘லாக்’ என்று காட்டினாலும் உள்ளே பூட்டவில்லை. அதனால் இடப்பக்கத்து அச்சுத்தண்டு சக்கரத்தோடு சேராமல் வெறுமனே சுற்றும். அதற்கு எதிர்ப்பே இல்லை. அவ்வளவு சுலபமான வழி ஒரு பக்கம் திறந்து கிடக்கும்போது, நன்றாகப் பூட்டியிருக்கும் வலச் சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது. அன்றைக்குச் சேற்றில் அந்த இலை அசையாமல் இருந்தபோது, உள்ளே இடத் தண்டு இரண்டு மடங்கு வேகத்தில் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் இலையைப் பார்த்தது நன்றாக இருந்த பக்கத்தில். கோளாறு எதிர்ப் பக்கத்தில்.

இட ஹப்பின் மூடியைக் கழற்றினார். மூடிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்க வேண்டிய காகித கேஸ்கெட் பாதி கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ். கிரீஸ் என்றால் விரலால் தொட்டு எடுக்கிற கிரீஸ் இல்லை. கருப்பட்டி மாதிரி இறுகி, செம்மண் கலந்து, ஓரத்தில் துருத் தண்ணீர் கோத்து நின்றது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். அதற்குள்ளே பல் வைத்த ஒரு வளையமும் ஸ்பிரிங்கும் புதைந்து கிடந்தன.

வளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். வளையல் கனமும் இல்லை. நாம் வெளியே குமிழைத் திருப்பும்போது இந்த வளையத்தை நேராகத் தள்ளுவதில்லை. ஸ்பிரிங்கைத்தான் அமுக்கி விடுகிறோம். ஸ்பிரிங் வளையத்தைத் தள்ளும், வளையத்தின் பல்லும் தண்டின் பல்லும் நேருக்கு நேர் வந்தால் உள்ளே விழும், வராவிட்டால் காத்திருக்கும். வண்டி ஓர் அடி நகர்ந்தால் ‘டக்’கென்று விழுந்துவிடும். அதனால்தான் லாக் போட்டதும் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்த வேண்டும் என்பது. இங்கே ஸ்பிரிங் பாவம் முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இறுகிய கிரீஸ் வளையத்தை விடவில்லை.

முந்தைய வருடம் வீல் பேரிங் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஹப்பையும் சேர்த்து கிரீஸால் அடைத்துவிட்டார்கள். அது நல்லதென்று நானும் நினைத்தேன். ஹவில்தார் சொன்னார்: “பேரிங்குக்கு கிரீஸு சோறு சார், வயிறு நெறைய வைக்கணும். லாக்குக்கு தோசக்கல்லுல எண்ணெ தடவுற மாதிரி. பளபளன்னு தெரிஞ்சா போதும்.” அவரே ஒரு தாளில் மூடியை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, வெட்டி, புது கேஸ்கெட் செய்தார். வலப்பக்க ஹப்பையும் திறந்தோம். அது இன்னும் ஒரு மழை தாங்கியிருக்கும், அவ்வளவுதான்.

மறுபடி அடியில் படுத்து ஷாஃப்டைச் சுற்றினேன். கனமாக இருந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு சக்கரமும் மெதுவாக ஒரே திசையில் உருண்டன. ஆசிரமத்தில் பதினொன்றரை மணிச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். அவரிடம் எவ்வளவு என்று கேட்டேன். முந்நூறு என்றார். அதற்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

இந்தப் பூட்டும் ஹப் ஏன் வந்தது என்பதையும் அவரிடம்தான் கற்றேன், பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன். யுத்த காலத்து ஜீப்பில் இது கிடையாது. அதில் முன் சக்கரமும் தண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கும், லீவரைப் போட்டால் வேலை முடிந்தது. யுத்தம் முடிந்து ஜீப்புகள் தார் ரோட்டுக்கு வந்தபோது, தேவையே இல்லாமல் முன் தண்டும் கிரவுனும் சுற்றித் தேய்ந்தன, பெட்ரோலும் செலவானது. 1948-ல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் முன் சக்கரத்தை வேண்டும்போது தண்டோடு பூட்டவும் வேண்டாதபோது விடவும் உதவும் ஹப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நல்ல யோசனை. ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி கூடிவிட்டது. லீவர், பெட்டி, ஷாஃப்ட் எல்லாம் சரியாக இருந்தும் கடைசியில் இருக்கும் உள்ளங்கை அளவு வளையம் விழவில்லை என்றால் எதுவும் நடக்காது.

அடுத்த வருடம் வேறு ஒரு தொல்லை வந்தது. இந்த முறை ஃபோர் வீல் விழுந்துவிட்டது, வெளியே வரவில்லை. நிலத்திலிருந்து பெரும்பாக்கம் சாலைத் தாருக்கு ஏறி, டூ வீலுக்கு மாற்ற லீவரைத் தள்ளினால் பாறையில் செருகியதுபோல் நின்றது. ஸ்டியரிங் கனத்தது, திருப்பத்தில் வண்டி முனகியது. பெட்டிதான் உடைந்தது என்று பயந்து ஹவில்தாருக்குப் போன் செய்தேன்.

“நேரா பத்தடி ரிவர்ஸ் எடுங்க. எடுக்கும்போதே லீவர்ல லேசா கை வையுங்க, இழுக்காதீங்க.”

நான்காவது அடியிலேயே லீவர் தானாகக் கையோடு வந்துவிட்டது.

இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். மலையை ஒட்டிய உள்வழி அதைவிடக் குறைவு. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நடந்தால் இருவரும் சுற்றி முடிப்பார்கள், நடந்த தூரம் வேறு. இருவர் இடுப்பையும் ஒரு கயிற்றால் கட்டி, ஒரே அளவு அடி வைத்து நடக்கச் சொன்னால்? கொஞ்ச தூரத்தில் கயிறு முறுக்கேறி இருவரும் நின்றுவிடுவார்கள். வண்டி திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது, பின் சக்கரம் சின்ன வட்டத்தில். ஜிப்சி மாதிரி வண்டியில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் அந்தக் கயிற்றால் கட்டியாயிற்று. சேற்றிலும் மணலிலும் சக்கரம் வழுக்கி முறுக்கைத் தானே விட்டுவிடும். தாரில் விடாது. அந்த முறுக்கு பெட்டிக்குள் பல்லைக் கவ்விப் பிடித்திருந்ததுதான் லீவர் வராததற்குக் காரணம். பின்னால் எடுத்தபோது முறுக்கு அவிழ்ந்தது.

என் தவறு ஒன்றும் அதில் சேர்ந்திருந்தது. அந்த மாதம் முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டிருந்தேன், பின்னால் தேய்ந்தவை. புது டயரின் சுற்றளவு கூடுதல். நேராகப் போனாலும் முன்னும் பின்னும் ஒத்துப்போகாது. நான்கையும் ஒரே அளவுக்கு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை மறுபடி வரவில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, இந்த ஊரில் நான் பார்த்திராத மழையைக் கொண்டுவந்தது. டிசம்பர் 1 மாலை மலையின் சரிவில் பாறையும் மண்ணும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் போனார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். நான் முப்பது வருடங்களாக அண்ணாமலையை ‘அசலம்’ என்று, அதாவது அசையாதது என்று சொல்லி வந்தவன். அந்த இரவு தூங்கவில்லை.

விடிந்ததும் ஹவில்தாரின் போன் வந்தது. பட்டறையை மூடி ஆரணியில் மகள் வீட்டில் இருந்தார், எழுபத்தைந்து தாண்டியிருந்தது. மழை எப்படி, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று எதுவும் கேட்கவில்லை. “சார், ஹப்பு பூட்டிப் பாத்தீங்களா?” என்றார்.

பார்த்திருந்தேன். புரட்டாசியிலேயே இரண்டையும் திறந்து, கழுவி, புது கேஸ்கெட் வைத்து மூடியிருந்தேன். அந்த வாரம் முழுவதும் தாழ்வான பகுதிகளில் இருந்த தெரிந்தவர்கள் வீடுகளுக்குக் குடிதண்ணீர் கேனும் பாலும் கொண்டுபோனோம். இரண்டு இடத்தில் சேற்றில் பின் சக்கரம் வழுக்கியது. இரண்டு இடத்திலும் முன் சக்கரம் இழுத்து வெளியே கொண்டுவந்தது.

இப்போது வரும் பல வண்டிகளில் குமிழும் இல்லை, லீவரும் இல்லாமல் போய்விடுகிறது. ஒரு பொத்தான், அடியில் ஒரு மோட்டார், அதற்கு ஒயர். இளைஞர்கள் சிலர் ஜவ்வாது மலைக்குப் போய்விட்டு வந்து, விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள். ஒயர் இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, ஃபியூஸ் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். மற்றதற்கு அதற்குரிய ஆள் வேண்டும்.

பழைய ஜிப்சியோ ஜீப்போ வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக ஏலத்தில் வாங்கியவர்களுக்கு, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரேனும் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கச் சொன்னால் ஒரு நாள் பொறுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், முன் சக்கரங்களைத் தூக்கி முட்டுக் கொடுத்து ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு ஜாக்கி, நாலு கல், அரை மணி நேரம் போதும்.